முகவரி தேடும் மருந்து

எங்கள் ஊரில் என்னைவிட இரண்டு வயது மூத்த ராத்தா ஒருவர் இருக்கிறார். பதினாறு வயதில் அவருக்கு முழங்காலுக்குச் சற்று மேலே வலி தொடங்கியது. “வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்றார்கள் பெரியவர்கள். எங்கோ விழுந்து அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் பூசி, இழுத்துக் கட்டினார்கள். இரவில் வலி கூடியது. வீக்கம் வற்றவில்லை. நான்கு மாதங்கள் கழித்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தபோதுதான் வைத்தியருக்குச் சந்தேகம் வந்தது. இழையத்தில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதித்து, என்புப் புற்றுநோய் என்று உறுதி செய்தார்கள்.

சென்ற நோன்புப் பெருநாளன்று அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது, “நீ பயோ தானே படிக்கிறே? கொரோனாவுக்கு ஒரு வருசத்துல ஊசி கண்டுபிடிச்சாங்க. இதுக்கு ஏன் இன்னும் புது மருந்து ஒண்ணு வரல்ல?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

என்பில் தோன்றும் புற்றுநோய்

என்பிலேயே தோன்றும் புற்றுநோய்களில், சிறுவர்களிடமும் வாலிப வயதினரிடமும் மிகுதியாகக் காணப்படுவது ஒஸ்டியோசார்கோமா. இது அரிய நோய். பத்து இலட்சம் பேரை எடுத்தால் ஓர் ஆண்டில் ஒரு சிலருக்கே ஏற்படும். ஆனால் அது தெரிந்தெடுக்கும் வயது நம்முடைய வயது. உடல் வேகமாக உயரும் பருவத்தில், வேகமாக வளரும் என்புகளின் நுனிக்கு அருகில் அது தோன்றுகிறது. தொடை என்பின் கீழ்முனை, கணைக்கால் உள்ளென்பின் மேல்முனை, மேற்கை என்பின் மேல்முனை ஆகியவை அது அதிகம் தோன்றும் இடங்கள். முழங்காலைச் சுற்றியே பெரும்பாலும் வலி வருவதன் காரணம் இதுதான்.

இந்நோயை உலகறியச் செய்தவர் கனடாவைச் சேர்ந்த டெரி பொக்ஸ். 1977இல், பதினெட்டு வயதில், அவரது வலது கால் முழங்காலுக்கு மேலே அகற்றப்பட்டது. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதற்காக 1980 ஏப்ரலில் செயற்கைக் காலுடன் கனடாவைக் குறுக்கே ஓடிக் கடக்கத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். அதன் பின் நோய் நுரையீரலுக்குப் பரவியிருப்பது தெரியவந்ததால் ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தது. 1981 ஜூன் மாதம், இருபத்திரண்டு வயதில் அவர் காலமானார்.

அவரது கதையில் ஓர் உண்மை இருக்கிறது. இந்நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் காலில் இருக்கும் கட்டி அல்ல, அதிலிருந்து குருதி வழியாக நுரையீரலுக்குச் சென்று குடியேறும் கலங்களே. 1970களுக்கு முன்னர் காலை அகற்றுவது மட்டுமே சிகிச்சையாக இருந்தது. அப்போது ஐவரில் ஒருவர் பிழைப்பதே அரிதாக இருந்தது. பின்னர் டொக்சோரூபிசின், சிஸ்பிளாற்றின், மெதோட்ரெக்சேற்று போன்ற மருந்துகள் வந்தன. இப்போது, நோய் பரவுவதற்கு முன் கண்டுபிடிக்கப்பட்டால் நூற்றுக்கு அறுபது முதல் எழுபது பேர் வரை பிழைக்கிறார்கள். பலருக்குக் காலை அகற்றாமலே, நோயுற்ற என்பை எடுத்துவிட்டு உலோக என்பு பொருத்துகிறார்கள்.

ஆனால் அந்த அறுபது எழுபது என்ற எண் 1980களிலிருந்து பெரிதாக உயரவில்லை. நுரையீரலுக்குப் பரவிய பின் கண்டுபிடிக்கப்பட்டால் அது முப்பதுக்கும் கீழே இறங்கிவிடும். இந்த மருந்துகள் உடலெங்கும் சென்று, வேகமாகப் பிரியும் எல்லாக் கலங்களையும் தாக்குகின்றன. தலைமயிர் உதிர்வது அதனால்தான். டொக்சோரூபிசின் இதயத்தையும், சிஸ்பிளாற்றின் செவிப்புலனையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். எனவே மருந்தளவை விரும்பியபடி கூட்டவும் முடியாது. இங்குதான் பரம்பரையலகுச் சிகிச்சை பற்றிய எண்ணம் பிறக்கிறது.

கலத்தினுள் என்ன பிழை?

நமது ஒவ்வொரு கலத்தின் கருவிலும் ஏறத்தாழ 20,000 பரம்பரையலகுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று பி53 என்ற புரதத்தை உருவாக்குகிறது. 1979இல் கண்டறியப்பட்ட இப்புரதம், டீ.என்.ஏ. பழுதடைந்தால் கலப்பிரிவை நிறுத்தும். பழுதைத் திருத்த முடியாவிட்டால் அந்தக் கலம் தானாகவே இறந்துபோக வழி செய்யும். அதனால் டேவிட் லேன் என்ற விஞ்ஞானி 1992இல் அதற்குப் பரம்பரையலகுத் தொகுதியின் காவலன் என்று பெயரிட்டார். ஒஸ்டியோசார்கோமா நோயாளரின் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்தக் காவலன் பழுதடைந்திருக்கிறான். கலப்பிரிவுக்குத் தடை போடும் ஆர்.பி. எனும் இன்னொரு பரம்பரையலகும் பலவற்றில் பழுதடைந்து காணப்படுகிறது.

பிழை பரம்பரையலகில் இருக்கிறது என்றால், அங்கேயே திருத்தினால் என்ன? அதற்கு மூன்று வழிகள் ஆராயப்படுகின்றன. பழுதில்லாத பிரதியொன்றைக் கலத்தினுள் கொடுப்பது முதலாவது. தீங்கு செய்யும் பரம்பரையலகின் செய்தியை, சிறிய ஆர்.என்.ஏ. துண்டு ஒன்றினால் இடைமறித்து அழிப்பது இரண்டாவது. ஆர்.என்.ஏ.யின் இந்த இடைமறிக்கும் ஆற்றலை 1998இல் விளக்கிய அன்ட்ரூ பயர், கிரெய்க் மெலோ ஆகிய இருவருக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. கிறிஸ்பர் எனப்படும் முறையினால் டீ.என்.ஏ.யையே குறித்த இடத்தில் வெட்டுவது மூன்றாவது.

கேட்பதற்கு இலகுவாக இருக்கிறது. ஆனால் இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு தடை உண்டு. டீ.என்.ஏ.யும் ஆர்.என்.ஏ.யும் பொஸ்பேற்றுக் கூட்டங்களைக் கொண்டிருப்பதால் மறையேற்றம் உடையவை. கலமென்சவ்வின் வெளிப்புறமும் மறையேற்றம் கொண்டதே. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பதைச் சாதாரண தரத்திலேயே படித்துவிட்டோம். அதோடு அவற்றை வெறுமனே ஊசி மூலம் ஏற்றினால், குருதியிலுள்ள நொதியங்கள் சில நிமிடங்களிலேயே வெட்டிச் சிதைத்துவிடும். ஆகவே மருந்து மட்டும் போதாது, அதைக் கொண்டுசெல்ல வாகனம் ஒன்றும் வேண்டும்.

முதல் வாகனம் வைரசு

தன்னுடைய பரம்பரையலகைப் பிற கலங்களுக்குள் செலுத்துவதையே தொழிலாகக் கொண்டது வைரசு. அதன் தீய பகுதியை நீக்கி, நமக்கு வேண்டியதை ஏற்றி அனுப்பலாம் என்று விஞ்ஞானிகள் எண்ணினர். 1990 செப்டெம்பரில் அமெரிக்காவில் அஷாந்தி டி சில்வா என்ற நான்கு வயதுச் சிறுமிக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. பெயர் நம் காதுக்கு மிகவும் பழக்கமானதுதான்! நிர்ப்பீடனத்தை இல்லாமற் செய்யும் பரம்பரை நோய் அவருக்கு இருந்தது. அவரது வெண்குருதிக் கலங்களை வெளியே எடுத்து, வைரசின் மூலம் சரியான பரம்பரையலகைச் சேர்த்து, மீண்டும் உடலில் செலுத்தினர். நொதியமாகக் கொடுக்கப்பட்ட மருந்தையும் தொடர்ந்தனர். அவர் வளர்ந்து பெரியவரானார்.

ஆனால் 1999இல் ஒரு துயரம் நிகழ்ந்தது. ஈரல் நோய்க்கான பரிசோதனைச் சிகிச்சைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த ஜெசி கெல்சிங்கர் என்ற பதினெட்டு வயது இளைஞர், அடினோவைரசு ஏற்றப்பட்டு நான்கு நாட்களில் இறந்தார். அவரது நிர்ப்பீடனத் தொகுதி அந்த வைரசை எதிரியாகக் கருதிக் கட்டுக்கடங்காமல் போராடியதே காரணம். 2003இல் சீனா, பி53 பரம்பரையலகைச் சுமந்த அடினோவைரசு ஒன்றைத் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அங்கீகரித்தது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அது அங்கீகாரம் பெறவில்லை. இன்றும் வைரசுகள் சில நோய்களுக்குப் பயன்படுகின்றன. ஆயினும் உயிரற்ற, எளிதில் தயாரிக்கக்கூடிய, உடல் எதிரியாகக் கருதாத வாகனம் ஒன்றுக்கான தேடல் வலுப்பெற்றது.

நனோ வாகனம்

ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. மருந்து சுமக்கும் நனோதுணிக்கைகள் பெரும்பாலும் 100 நனோமீற்றர் அளவில் இருக்கும். நமது தலைமயிர் ஒன்றின் குறுக்கே அவற்றை வரிசையாக வைத்தால் ஏறத்தாழ ஆயிரம் துணிக்கைகள் பிடிக்கும்.

இவற்றில் நாம் அனைவரும் அறியாமலே சந்தித்த ஒன்று கொழுப்பு நனோதுணிக்கை. நமது நாட்டில் மாணவர்களுக்குப் போடப்பட்ட பைசர் தடுப்பூசியில் இருந்தது அதுவே. நான்கு வகைக் கொழுப்புப் பொருட்கள் சேர்ந்து, நடுவில் தூதுவர் ஆர்.என்.ஏ.யைப் பொதிந்து வைத்திருக்கும். அவற்றில் மிக முக்கியமானது, சூழல் அமிலமாகும்போது மட்டும் நேரேற்றம் பெறும் கொழுப்பு. அது ஏன் முக்கியம் என்பதைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

வேறு வாகனங்களும் உள்ளன. நேரேற்றமுள்ள பல்பகுதியங்கள் மறையேற்றமுள்ள டீ.என்.ஏ.யைத் தம்முள் சுருட்டி வைத்துக்கொள்ளும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைற்றோசான் அத்தகைய ஒன்று. நாம் சமைக்கும்போது குப்பையில் போடும் ஓட்டிலிருந்து மருந்துக்கு வாகனம்! கல்சியம் பொஸ்பேற்று நனோதுணிக்கைகளும் ஆராயப்படுகின்றன.

வழியில் உள்ள கதவுகள்

ஊசி மூலம் குருதியில் ஏறிய துணிக்கை, என்பிலுள்ள புற்றுநோய்க் கலத்தின் உள்ளே போய்ச் சேர்வதற்குப் பல கதவுகளைக் கடக்க வேண்டும்.

முதலாவது குருதி. துணிக்கை மிகச் சிறிதானால் சிறுநீரகம் வடித்து வெளியேற்றிவிடும். பெரிதானால் மண்ணீரல் பிடித்துக்கொள்ளும். நடுத்தர அளவானாலும் ஈரலிலுள்ள விழுங்கும் கலங்கள் விடுவதில்லை. இவற்றின் கண்ணில் படாமல் இருக்க, துணிக்கையின் மேல் நீரை விரும்பும் பல்பகுதியமொன்றினால் போர்வை போடுகிறார்கள்.

இரண்டாவது, குருதிக்கலனை விட்டு வெளியேறுவது. அவசரமாக வளரும் கட்டியின் குருதிக்கலன்கள் ஒழுங்காக அமைவதில்லை. அவற்றின் சுவரில் இடைவெளிகள் இருக்கும். அவ்வழியே துணிக்கைகள் கட்டிக்குள் கசியலாம் என்பதை 1986இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் மட்சுமுராவும் மயேதாவும் எடுத்துக்காட்டினர்.

மூன்றாவது கலமென்சவ்வு. கலம் தன் மென்சவ்வை உட்குழித்து, துணிக்கையைச் சிறு பையொன்றினுள் அடைத்து உள்ளே எடுக்கிறது. அகக்குழியமாதல் என்று நாம் படிப்பது இதைத்தான்.

நான்காவது கதவே மிகக் கடினமானது. அந்தப் பை திறக்காவிட்டால், இலைசோசோமுடன் சேர்ந்து உள்ளிருப்பதெல்லாம் சமிபாடடைந்துவிடும். ஆனால் பையின் உட்புறம் படிப்படியாக அமிலமாகிறது. முன்னர் கூறிய கொழுப்பு அப்போது நேரேற்றம் பெறுகிறது. பையின் மறையேற்றமுள்ள சவ்வுடன் அது கலந்து, சவ்வைக் குலைத்து, சுமையைக் குழியவுருவினுள் விடுவிக்கிறது. குருதியில் அமைதியாக இருந்து, சரியான இடத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும் தந்திரம் இது. அப்படியிருந்தும் தப்பி வெளிவருவது மிகச் சிறிய பங்கே.

ஆர்.என்.ஏ.யின் பயணம் இத்துடன் முடிகிறது. டீ.என்.ஏ. என்றால் கருவினுள்ளும் நுழைய வேண்டும். அது ஐந்தாவது கதவு.

என்புக்கு ஒரு முகவரி

உடலில் இத்தனை உறுப்புகள் இருக்க, துணிக்கை என்பை எப்படி அறியும்? என்பின் கடினமான பகுதி ஐதரொட்சி அபற்றைற்று எனும் கல்சியக் கனியுப்பினால் ஆனது. உடலில் என்பிலும் பல்லிலும் தவிர வேறெங்கும் அது இவ்வளவு செறிந்து இருப்பதில்லை. என்புகள் தேய்வதற்கு மூத்தவர்களுக்குக் கொடுக்கப்படும் அலென்ட்ரோனேற்று போன்ற பிஸ்பொஸ்பனேற்று மருந்துகள் கல்சியத்தை இறுகப் பற்றிக்கொள்பவை. அந்த மூலக்கூறுகளைத் துணிக்கையின் மேற்பரப்பில் பொருத்தினால், அது என்பில் சென்று ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் இந்த முகவரி முழுமையானதல்ல. ஊரின் பெயர் மட்டும் எழுதி, வீட்டிலக்கம் எழுதாத கடிதம் போன்றது. நலமான என்பும் என்புதான். அதிலும் வளரும் பிள்ளையின் என்பு நுனிகளில் புதிய கனியுப்பு தொடர்ந்து படிந்துகொண்டே இருக்கும். ஆகவே புற்றுநோய்க் கலத்தை மட்டும் அடையாளம் காணும் இன்னொரு முகவரியும் தேவை.

இதற்கு அப்டமர் எனப்படும் குறுகிய டீ.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இழைகள் பயன்படுகின்றன. அவை மடிந்து ஒரு வடிவம் பெற்று, பூட்டுக்குத் திறப்புப் போலக் கலத்தின் மேற்பரப்பில் பொருந்தும். 2017இல் ஹொங்கொங் ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழுவொன்று, ஒஸ்டியோசார்கோமாக் கலங்களோடு பொருந்தும் அப்டமர் ஒன்றைக் கொழுப்பும் பல்பகுதியமும் சேர்ந்த வாகனத்தில் பொருத்தி, அதனுள் கிறிஸ்பர் தொகுதியை ஏற்றி அனுப்பியது. கட்டிக்குப் புதிய குருதிக்கலன்களை வரவழைக்கும் பரம்பரையலகை வெட்டுவதே நோக்கம். சுண்டெலிகளில் கட்டியின் வளர்ச்சியும், நுரையீரலுக்குப் பரவுவதும் குறைந்தன. நோய் நுரையீரலில் இருந்தாலும் கலத்தின் மேற்பரப்பு அதுவே என்பதால், இவ்வகை முகவரி அங்கும் உதவக்கூடும் என்பது இதன் சிறப்பு.

அப்படியானால் ஏன் இன்னும் வரவில்லை?

ராத்தாவின் கேள்விக்கு இப்போது வருகிறேன். கொரோனாத் தடுப்பூசியும் நனோதுணிக்கைதான். ஆனால் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை வேறு. தடுப்பூசி கையின் தசையில் போடப்படுகிறது. அங்குள்ள சிறு தொகைக் கலங்கள் செய்தியைப் பெற்றாலே போதும். மிச்ச வேலையை நிர்ப்பீடனத் தொகுதி பெருக்கிச் செய்துவிடும். புற்றுநோயில் அப்படியல்ல. பழுதான கலங்களைத் திருத்துவதென்றால் கிட்டத்தட்ட ஒவ்வொரு கலத்தையும் சென்றடைய வேண்டும். தப்பிய சில கலங்கள் மீண்டும் பெருகிவிடும்.

தடுப்பூசி ஒரு வருடத்தில் வந்ததாக நாம் நினைப்பதும் சரியல்ல. அதன் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருந்தது. தூதுவர் ஆர்.என்.ஏ.யை உடல் ஏற்றுக்கொள்ளும்படி மாற்றிய கற்றலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் தமது முக்கிய கண்டுபிடிப்பை 2005இல் வெளியிட்டனர். நோபல் பரிசு கிடைத்தது 2023இல்.

இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும். புற்றுநோய்க்கான நனோதுணிக்கைகள் பற்றிப் பத்து ஆண்டுகளில் விலங்குகளில் செய்யப்பட்ட ஆய்வுகளை ரொறன்ரோ பல்கலைக்கழகக் குழு தொகுத்து 2016இல் வெளியிட்டது. ஊசியில் ஏற்றப்பட்டதில் கட்டியைச் சென்றடைந்தது, இடைய அளவாக, 0.7 சதவீதம் மட்டுமே. நூறு கடிதம் போட்டால் ஒன்றுகூடச் சரியாகப் போய்ச் சேரவில்லை. சுண்டெலியின் சிறிய உடலில் கிடைத்த வெற்றி மனித உடலில் அப்படியே கிடைப்பதுமில்லை.

ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. 2018இல் பற்றிசிரான் என்ற மருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அங்கீகாரம் பெற்றது. கொழுப்பு நனோதுணிக்கையில் சிறிய ஆர்.என்.ஏ.யை ஏற்றி, நரம்புகளைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து அது. அந்நோய்க்குக் காரணமான புரதம் ஈரலில் உருவாவதால், துணிக்கைகளைப் பிடித்துவைக்கும் ஈரலே அங்கு முகவரியாக அமைந்துவிட்டது. என்புக்கான முகவரி இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

பெற்றோருக்கும் தோழியருக்கும்

ஆகவே “நனோ மருந்து” என்று யாராவது இன்று விற்க வந்தால் நம்ப வேண்டாம். என்புப் புற்றுநோய்க்கான நனோ பரம்பரையலகுச் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. இன்று உயிர் காப்பது, காலதாமதமின்றிக் கண்டுபிடிப்பதும் வைத்தியசாலைச் சிகிச்சையை இடையில் நிறுத்தாமல் முடிப்பதுமே. மகரகமை அபேக்ஷா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் அச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது.

சிறுவர்களுக்கு வரும் சாதாரண வளர்ச்சி வலி பெரும்பாலும் இரு கால்களிலும் இருக்கும். காலையில் எழும்போது இருக்காது. வலி ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நீடித்தால், இரவில் தூக்கத்தைக் கலைத்தால், வீக்கம் தெரிந்தால், நொண்டி நடக்க நேர்ந்தால், வைத்தியரிடம் காட்டி எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்க வேண்டும். காரணம் தெரியாத வீக்கத்தை நெரிக்கவோ இழுத்துக் கட்டவோ கூடாது. பெரும்பாலும் அது பயப்படும் விடயமாக இருக்காது. பயம் தெளிவதற்காகவேனும் பார்த்துவிடுவது நல்லது.

தோழியரே, வலியை மறைக்காதீர்கள். உம்மாவுக்குத் தொந்தரவு, பரீட்சை நெருங்குகிறது, பெண் டொக்டர் இல்லை என்று நாம் சொல்லும் காரணங்கள் எல்லாம் எனக்கும் தெரியும். அந்த ராத்தாவும் அவற்றைத்தான் சொல்லியிருந்தார். நோய் வரும்போது மருந்து தேட மார்க்கம் நம்மைத் தூண்டுகிறது. அவசியமான வேளையில் இலகுவும் தருகிறது.

பெருநாளுக்குப் பின் மீண்டும் ராத்தாவைச் சந்தித்து, நான் படித்ததைச் சொன்னேன். முகவரி, கதவுகள், 0.7 சதவீதம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “அப்ப மருந்து இருக்கு, போற வழிதான் சரியா தெரியல்ல, அப்படித்தானே?” என்றார். இரண்டு பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை இறைவன் வைத்திருக்கிறான் என்பது நமது நம்பிக்கை. அதைத் தேடிக் கண்டெடுப்பது மனிதரின் பொறுப்பு. அந்த வழியைத் தேடுகிறவர்களில் ஒருத்தி, இன்ஷா அல்லாஹ், நமது கல்லூரியிலிருந்தும் போகட்டும்.